மேசைக்கணினிச் செயலிகளை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விண்டோஸ், லினக்ஸ், மேக் கணினிகளில் நிறுவி இயக்கும் செயலிகளை எழுதத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. இணையச் செயலியில் பிழை இருந்தால் நம் சர்வரில் திருத்திவிடலாம். மேசைக்கணினிச் செயலியோ நாம் பார்த்திராத ஒருவருடைய கணினியில், அவருடைய கோப்புகளுக்கு நடுவே ஓடுகிறது என்பதால், அவருடைய நேரத்தையும் தரவையும் காப்பதையே முதன்மையாகக் கொண்டு இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

சாளரம், பொத்தான் போன்றவற்றை அமைத்துத் தரும் கருவித்தொகுப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸில் மட்டும் ஓடினால் போதும், படிவங்களும் அட்டவணைகளும்தான் வேலை என்றால், மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரலாக்கத் தளத்தில் 2002 முதல் இருந்துவரும் வின்ஃபார்ம்ஸ் இன்றும் போதுமானது. 2019இல் வந்த டாட்நெட் கோர் 3.0 முதல் வின்ஃபார்ம்ஸும், அதற்குப் பின்வந்த டபிள்யூபிஎஃப் என்ற தொகுப்பும் புதிய டாட்நெட்டிலும் கிடைக்கின்றன. ஆனால் அப்போதும் அவை விண்டோஸில் மட்டுமே ஓடும். மூன்று இயங்குதளங்களுக்கும் ஒரே நிரல் வேண்டுமானால் க்யூட் நல்ல தேர்வு. இணைய நுட்பங்களால் செயலி எழுத உதவும் எலக்ட்ரான் தன்னுடன் குரோமியம் உலாவியையும் நோட் ஜேஎஸ்ஸையும் சேர்த்தே சுமந்துவருவதால், 'வணக்கம்' என்ற ஒரு சொல்லைக் காட்டும் செயலிகூட விரித்து நிறுவினால் நூறு மெகாபைட்டைத் தாண்டும். நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினிகளை நம்பியிருக்கும் பயனர்களுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

உரிமத்தைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். க்யூட்டைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைக்யூட், செயலியோடு மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்திலோ விலைகொடுத்து வாங்கும் உரிமத்திலோதான் கிடைக்கும். அதே வேலையைச் செய்யும் பைசைடு, உங்கள் மூலநிரலை வெளியிடாமல் இருக்க இடம்தரும் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. மூலநிரலை வெளியிடாமல் விற்கப்போகும் செயலியை பைக்யூட்டில் ஒரு வருடம் எழுதிவிட்டு, வெளியீட்டுக்கு முந்தைய வாரம் இதைக் கண்டுபிடிப்பது பெரும் இழப்பு.

பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்துபோய், தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வருகிறது. நிரலில் பிழையே இல்லையே?

நிரலின் தர்க்கத்தில் பிழை இல்லாமல் இருக்கலாம். வேலை நடக்கும் இடம்தான் தவறு. ஏறத்தாழ எல்லாக் கருவித்தொகுப்புகளிலும் சாளரத்தை வரைவது, சுட்டியின் அசைவைக் கேட்பது, விசைப்பலகையைக் கவனிப்பது ஆகிய அனைத்தையும் ஒரே ஓர் இழை, அதாவது ஒரே த்ரெட், வரிசையாகச் செய்கிறது. வரிசையில் அடுத்து நிற்கும் செய்தியை எடுப்பது, அதற்குரிய நிரல்பகுதியை அழைப்பது, அது முடிந்ததும் அடுத்த செய்திக்குப் போவது என்பதே அதன் ஓயாத சுற்று. நீங்கள் எழுதிய பொத்தான் நிரல் இருபது நொடி எடுத்துக்கொண்டால், அந்த இருபது நொடியும் வரிசையில் உள்ள மற்றச் செய்திகள் காத்துக்கிடக்கும். ஐந்து நொடி வரை ஒரு சாளரம் செய்திகளை எடுக்காமல் இருந்தால் விண்டோஸ் அதை உறைந்துவிட்டதாகக் கருதி, அதன் மேல் வெளுத்த நகல் சாளரம் ஒன்றை வைத்துவிடுகிறது. பயனர் காண்பது அந்த நகலைத்தான். உங்கள் நிரல் உள்ளே ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் பொறுமையிழந்து செயலியை மூடிவிடுவார்.

ஆகவே கோப்பு படிப்பது, வலையிலிருந்து தரவு பெறுவது, பெரிய கணக்கு போடுவது ஆகியவற்றைப் பின்னணி இழைக்கு அனுப்ப வேண்டும். சி ஷார்ப் மொழியில் 2012இல் வந்த அசிங்க்–அவெய்ட் இதை மிகவும் எளிதாக்கியது. ஆனால் அதைப் பற்றிய ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. ஒரு செயற்கூற்றுக்கு முன்னால் அசிங்க் என்று எழுதிவிட்டால் மட்டும் அது வேறு இழைக்குப் போய்விடாது. வட்டுக்கோ வலைக்கோ காத்திருக்கும் நேரத்தில் அவெய்ட் சாளர இழையை விடுவிக்கும் என்பது உண்மை. ஆயினும் பத்து லட்சம் வரிகளைச் சுற்றிச்சுற்றிக் கணக்கிடும் வேலையை அதற்குள் எழுதினால் சாளரம் முன்போலவே உறையும். அத்தகைய கணக்கை டாஸ்க் ரன் வழியாகத் தனியே அனுப்புங்கள். டாஸ்க்கின் விடையைப் பெற ரிசல்ட் அல்லது வெய்ட் என்று சாளர இழையிலேயே காத்திருக்காதீர்கள்: சாளர இழை டாஸ்க் முடியக் காத்திருக்கும், டாஸ்க்கோ தன் மீதிப் பகுதியை ஓட்டச் சாளர இழைக்குக் காத்திருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடும்.

பின்னணி இழையிலிருந்து லேபிளின் எழுத்தை மாற்றினால் சிலமுறை வேலை செய்கிறது, சிலமுறை செயலி விழுந்துவிடுகிறது. ஏன்?

சாளரமும் அதில் உள்ள பொத்தான், லேபிள், பட்டியல் ஆகியவையும் அவற்றை உருவாக்கிய இழைக்கு உரியவை. வேறு இழை அவற்றைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை; 'சிலமுறை வேலை செய்கிறது' என்பதே இதில் ஆபத்தான பகுதி, ஏனெனில் உங்கள் கணினியில் நடந்த சோதனை முழுவதும் அந்தச் 'சிலமுறை'க்குள் அடங்கிவிடக்கூடும். விடையைச் சாளர இழையிடம் ஒப்படைக்க ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு வழி உண்டு: வின்ஃபார்ம்ஸில் இன்வோக், டபிள்யூபிஎஃபில் டிஸ்பேச்சர், க்யூட்டில் சிக்னல்–ஸ்லாட், ஜாவா ஸ்விங்கில் இன்வோக் லேட்டர். பைத்தானின் டிகேஇன்டரில் பின்னணி இழை ஒரு கியூவில் செய்தியைப் போட, சாளர இழை ஆஃப்டர் என்ற செயற்கூற்றின் மூலம் அவ்வப்போது வந்து அதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பான முறை.

ஒவ்வொரு வரி முடிந்ததும் முன்னேற்றப் பட்டையை நகர்த்தவும் வேண்டாம். ஒரு நொடிக்கு ஐம்பதாயிரம் செய்திகளை அனுப்பினால், பின்னணிக்கு அனுப்பிய வேலையே வேறு வழியில் வந்து சாளரத்தை அடைத்துவிடும். நொடிக்குப் பத்து முறை புதுப்பித்தால் மனிதக் கண்ணுக்குப் போதும்.

ஓடிக்கொண்டிருக்கும் வேலையை 'ரத்து' பொத்தானால் எப்படி நிறுத்துவது?

இழையை வெளியிலிருந்து வெட்டிக் கொல்லக் கூடாது. அது பாதி எழுதிய கோப்பையும், பூட்டிய பூட்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போகும். இக்காரணத்தாலேயே புதிய டாட்நெட்டில் த்ரெட் அபார்ட் என்ற வழி வேலை செய்வதில்லை. ரத்து வேண்டப்பட்டிருக்கிறதா என்பதைக் காட்டும் அடையாளம் ஒன்றை வைத்து, வேலை செய்யும் நிரலே இடையிடையே அதைப் பார்த்து, தான் திறந்தவற்றை மூடிவிட்டு வெளியேறும்படி எழுதுங்கள்.

அமைப்புகளையும் பயனரின் தரவையும் எந்தக் கோப்புறையில் வைப்பது?

செயலி நிறுவப்பட்ட கோப்புறையில் வைக்கக் கூடாது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எழுத நிர்வாகி உரிமை வேண்டும். நிரலை எழுதுபவர் பெரும்பாலும் தம் கணினியில் வேறொரு கோப்புறையிலிருந்து இயக்குவதால் இந்தத் தடை அவர் கண்ணில் படுவதே இல்லை. பழைய 32 பிட் செயலிகள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் ஓசையில்லாமல் அந்தக் கோப்பை வர்ச்சுவல் ஸ்டோர் என்ற பயனர் கோப்புறைக்குத் திருப்பிவிடும். ஒரே கணினியை இருவர் பயன்படுத்தும் அலுவலகத்தில், ஒருவர் பதிந்த தரவு மற்றவருக்குத் தெரியவில்லை என்ற புகார் வந்தால் முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறைக்குள், பயனரோடு வேறு கணினிக்கும் செல்ல வேண்டிய அமைப்புகளை ரோமிங் பகுதியிலும், பெரிய கோப்புகளையும் தற்காலிகச் சேமிப்புகளையும் லோக்கல் பகுதியிலும் வையுங்கள். லினக்ஸில் பயனரின் முகப்புக் கோப்புறைக்குள் புள்ளியுடன் தொடங்கும் கான்ஃபிக் கோப்புறை அமைப்புகளுக்கு. மேக்கில் லைப்ரரிக்குள் உள்ள அப்ளிகேஷன் சப்போர்ட். இந்தப் பாதைகளை நிரலில் கையால் எழுதாமல், இயங்குதளத்திடமே கேட்டுப் பெறுங்கள். பயனரின் பெயர் தமிழில் இருந்தாலும், கோப்புறை வேறு வட்டுக்கு மாற்றப்பட்டிருந்தாலும் அப்போதுதான் பிழை வராது.

சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை நிரல் எழுதத் தொடங்கும்போதே கேட்பவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. நான் எழுதிய முதல் சரக்குக் கணக்குச் செயலி, பழைய கோப்பைத் திறந்து, அதன் உள்ளடக்கத்தை அழித்து, புதிய தரவை அதன் மேலேயே எழுதியது. ஒரு நாள் மாலை அழித்ததற்கும் எழுதியதற்கும் இடையில் மின்சாரம் போனது. மறுநாள் காலை அந்தக் கோப்பின் அளவு சுழியம். பதினொரு மாதக் கணக்கைக் கடைக்காரரும் அவர் மகளும் ரசீதுப் புத்தகங்களைப் பார்த்து மீண்டும் பதிந்தார்கள். அவர்களுடன் நானும் உட்கார்ந்து பதிந்தேன்.

சரியான முறை எளியது. அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, தரவு முழுவதையும் அதில் எழுதி, அது உண்மையிலேயே வட்டைச் சென்றடையும்படி இயங்குதளத்திடம் கேட்டுக்கொண்டு, அதன்பின் பழைய கோப்பின் பெயரை அதற்குச் சூட்டுங்கள். பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பதால், எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் முழுமையான பழைய கோப்போ முழுமையான புதிய கோப்போ எஞ்சும். 'அதே கோப்புறையில்' என்பது முக்கியம், ஏனெனில் தற்காலிகக் கோப்பு வேறு வட்டில் இருந்தால் பெயர் மாற்றம் என்பது நகலெடுப்பாகிவிடும். க்யூட்டில் க்யூசேவ்ஃபைல் இதைத் தானே செய்கிறது; விண்டோஸில் ரீபிளேஸ்ஃபைல் என்ற அழைப்பு உண்டு.

தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட்டில் பத்தாயிரம் வரிகளைச் சேர்க்க நிமிடக்கணக்கில் ஆகிறது. அது மெதுவான தரவுத்தளமா?

இல்லை. நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால் எஸ்கியூலைட் ஒவ்வொரு வரியையும் ஒரு தனிப் பரிவர்த்தனையாக எடுத்துக்கொண்டு, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்த பிறகே அடுத்ததற்குப் போகும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் இப்படி நொடிக்கு ஏறத்தாழ 60 பரிவர்த்தனைகளே முடியும். பத்தாயிரம் வரிகளுக்கு இரண்டே முக்கால் நிமிடம். எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் அடக்கினால் அதே வேலை ஒரு நொடிக்குள் முடியலாம்.

இதோடு தொடர்புடைய மற்றொரு கேள்வி, அந்தக் கோப்பை அலுவலக வலையில் பகிர்ந்த கோப்புறையில் வைத்து ஐந்து கணினிகளிலிருந்து திறக்கலாமா என்பது. வேண்டாம். வலைக் கோப்புறைகளில் கோப்புப் பூட்டு நம்பத்தக்க விதத்தில் வேலை செய்வதில்லை. எழுதுவதையும் படிப்பதையும் ஒருசேர அனுமதிக்கும் வால் என்ற முறை வலைக் கோப்புறையில் ஓடவே ஓடாது. பலர் எழுத வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் தரவுத்தளத்துக்குப் போய்விடுங்கள்.

பணத் தொகையை எந்த வகை மாறியில் வைப்பது?

ஃப்ளோட், டபுள் இரண்டும் வேண்டாம், 0.1 என்ற எண்ணையே இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 5 என்று வருகிறது. மூன்று எழுத்துதானே?

வாசிப்பவருக்கு மூன்று, யூனிகோடுக்கு ஐந்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் அதில் உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் பதினைந்து பைட் ஆகிறது. எனவே 'பெயருக்கு 30 பைட்' என்று ஒதுக்கினால், ஆங்கிலத்தில் முப்பது எழுத்து அடங்கும் இடத்தில் தமிழில் பத்துக் குறியீடுகளே அடங்கும். பெயரில் இடைவெளியோ ஆங்கில முன்னெழுத்தோ கலந்திருக்கும்போது அந்த எல்லையில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், குறியீட்டின் நடுவிலேயே வெட்டு விழுந்து, கடைசி எழுத்து கேள்விக்குறியாகலாம். சான்றிதழ்களிலும் ரசீதுகளிலும் புள்ளி உதிர்ந்தும் கால் உடைந்தும் அச்சாகும் பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தம் பெயர் பிழையின்றி அச்சாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒருவரின் அடிப்படை உரிமை.

கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ண வேண்டுமானால் கிராஃபீம் கிளஸ்டர் என்ற அலகில் எண்ணுங்கள். டாட்நெட்டில் ஸ்ட்ரிங்இன்ஃபோ இதைத் தரும். பிற நிரல்மொழிகளில், யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு நூலகம் உதவும். அப்போது 'தமிழ்' மூன்று என்றே வரும். ஆனால் 'லக்ஷ்மி' என்பதில் 'க்ஷ்' ஒரே வடிவமாகத் தெரிந்தாலும் யூனிகோடின் பொது விதி அதை இரண்டாகவே பிரிக்கும். அதையும் ஒன்றாக எண்ண வேண்டிய இடத்தில் நீங்களே தனி விதி எழுத வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் பெயர் தேடலில் அகப்படவில்லை. என்ன செய்வது?

'கொ' என்ற எழுத்தை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு எகரக் குறி, கால் என இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சரங்கள். தரவு உள்ளே வரும்போதும், தேடல் சொல் வரும்போதும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இயல்பாக்கம் தீர்க்காத இரண்டு சிக்கல்களும் உண்டு. ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக 'ள' என்ற எழுத்தையே தட்டச்சு செய்திருப்பார்கள். 'ஸ்ரீ' என்பதில் முதலெழுத்தாக ஸகரத்தைச் சிலரும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைச் சிலரும் பயன்படுத்தியிருப்பார்கள். ஸ்ரீதர், ஸ்ரீவித்யா என்ற பெயர்கள் நிறைந்த பட்டியலில் தேடலுக்கென ஒரு தனிப் புலத்தை வைத்து, அதில் இவற்றையெல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமிப்பது நல்லது. மூலப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.

தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தினால் வரிசை தவறுகிறதே?

குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்துவதால் அப்படி ஆகிறது. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ அவை இறுதியில் வருபவை. அதனால் மயிலன் முன்னும் மனோகர் பின்னும் வர வேண்டிய இடத்தில் வரிசை தலைகீழாகும். யூனிகோடில் ளகரம் வகரத்துக்கு முன்னால் இருப்பதால், கவிதாவுக்கு முன்னால் களஞ்சியம் வந்து நிற்கும். புள்ளிக்கு மிகப் பெரிய குறியீட்டு எண் இருப்பதால், அகராதியில் 'பகல்' என்பதற்கு முன்னால் வர வேண்டிய 'பக்கம்' பின்னால் போய்விடும். தமிழ் வரிசை விதிகளை அறிந்த ஐசியுவின் வரிசைப்படுத்தும் கருவியான கொலேட்டரையோ, அதன் மேல் எழுதப்பட்ட வேறு வசதியையோ பயன்படுத்தி, மொழி தமிழ் என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். எஸ்கியூலைட்டின் ஆர்டர் பை குறியீட்டு வரிசையையே தரும் என்பதால், அங்கே உங்கள் வரிசை விதியைத் தனியாகப் பதிய வேண்டும்.

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் தமிழ் சிதைந்து தெரிகிறது.

கோப்பு யூடிஎஃப்-8இல் சரியாகவே இருக்கக்கூடும். எக்செல்லுக்கு அது தெரியவில்லை. கோப்பின் தொடக்கத்தில் பாம் என்ற மூன்று பைட் அடையாளத்தை எழுதினால் போதும். பைத்தானில் குறியாக்கப் பெயரை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் அது தானே சேரும்.

புதிய மடிக்கணினிகளில் என் செயலியின் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன.

விண்டோஸ் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகளை நூறு விழுக்காடாகக் கொள்கிறது. பயனர் 150 விழுக்காடு வைத்திருந்தால் அது 144 ஆகும். அந்த மாற்றத்தை அறிவேன் என்று செயலி தன்னுடன் வரும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் அறிவிக்காவிட்டால், விண்டோஸ் அதை 96இலேயே வரையச் செய்து, வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கும். மங்கல் அங்கிருந்தே வருகிறது. வெவ்வேறு அளவுள்ள இரண்டு திரைகளுக்கு இடையே சாளரத்தை நகர்த்துவோருக்காக 2017இல் விண்டோஸ் 10இல் வந்த 'பெர் மானிட்டர் வி2' என்ற அறிவிப்பைப் பயன்படுத்துங்கள். க்யூட் 6 இதைத் தானே கவனித்துக்கொள்கிறது. ஒரு பொத்தானின் அகலத்தைப் புள்ளிகளில் நிலையாக எழுதுவதையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் 'சேவ்' அடங்கிய பொத்தானில் தமிழில் 'சேமிக்கவும்' அடங்காது.

என் கணினியில் ஓடும் செயலி வாடிக்கையாளரின் கணினியில் திறக்கவே இல்லை.

உங்கள் கணினியில் விஷுவல் ஸ்டுடியோவும் க்யூட்டும் முன்பே நிறுவப்பட்டிருக்கின்றன, அவரிடம் இல்லை. 'விசிரன்டைம்140' கோப்பு இல்லை என்று செய்தி வந்தால் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரன்டைமை உங்கள் நிறுவியோடு சேர்க்க வேண்டும். க்யூட் செயலி பிளாட்ஃபார்ம் பிளகின் கிடைக்கவில்லை என்றால், பிளாட்ஃபார்ம்ஸ் என்ற துணைக்கோப்புறை விடுபட்டிருக்கிறது. வின்டிப்ளாய்க்யூட்டி என்ற கருவி தேவையானவற்றைத் திரட்டித் தரும். லினக்ஸில் ஆதரிக்க விரும்பும் பதிப்புகளிலேயே பழைய ஒன்றில் தொகுத்தால், அங்குள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பழைய பதிப்போடு இணைந்து புதியவற்றிலும் ஓடும், மறுபுறம் நடக்காது. எதையும் நிறுவாத வெறும் விண்டோஸ் கொண்ட மெய்நிகர் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெளியீட்டையும் அதில் நிறுவிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

காலையில் வேகமாக ஓடும் செயலி மாலைக்குள் தடுமாறி, பொத்தான்கள் வரையப்படாமல் போகின்றன.

நினைவகக் கசிவைத் தேடும் முன், டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ பொருள்கள் என்ற நெடுவரிசையைத் திறந்து பாருங்கள். தூரிகை, எழுத்துரு, படம் போன்ற வரைபொருள்களுக்கு விண்டோஸ் ஒரு செயலிக்கு இயல்பாக வைத்திருக்கும் எல்லை 10,000. வரையும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்துருவை உருவாக்கி விடுவிக்காமல் விட்டால், நினைவகம் நிறைய மிச்சம் இருக்கும்போதே அந்த எல்லை வந்து வரைதல் நின்றுவிடும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் உருவாக்கிய இடங்களையெல்லாம், வேலை முடிந்ததும் பொருளைத் தானே விடுவிக்கும் யூசிங் தொகுதிக்குள் அடக்குங்கள்.

டாட்நெட்டில் நினைவகம் கசிவதற்குப் பொதுவான காரணம் நிகழ்வுச் சந்தா. நீண்ட காலம் வாழும் பொருளின் நிகழ்வில் ஒரு சாளரம் தன்னைப் பதிந்துவிட்டு விலகாமல் மூடப்பட்டால், அந்தப் பொருள் சாளரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

தொலைவில் உள்ள பயனரிடம் செயலி விழுந்தால் காரணத்தை எப்படி அறிவது?

பிடிபடாத பிழைகளைக் கடைசியாகப் பிடிக்கும் இடத்தில், பிழையின் விவரத்தையும் அழைப்பு அடுக்கையும் செயலியின் பதிப்பெண்ணையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். வெளியிட்ட ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய, பிழை நேர்ந்த நிரல் வரியைக் கண்டறிய உதவும் பிடிபி குறியீட்டுக் கோப்பை அதே பதிப்பெண்ணோடு பத்திரப்படுத்துங்கள். நிரலை மீண்டும் தொகுத்துப் பெறும் கோப்பு பழைய பதிப்பின் முகவரிகளோடு பொருந்தாது. பதிவில் கடவுச்சொல், கைப்பேசி எண், நோயாளியின் பெயர் போன்ற எதுவும் நுழையக் கூடாது. அந்தக் கோப்பைத் தானாக அனுப்பாமல், அதில் இருப்பதைப் பயனருக்குத் திறந்து காட்டி, அவர் சம்மதித்து அழுத்தும் ஒரு பொத்தானை வையுங்கள்.